காதை அடைத்துக்கொண்டு பாட்டுக் கேட்பது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பைக்கில் நெடுந்தூரம் போகும்போது பாட்டுக் கேட்க ஆசைப்படுகிறவர் ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன்னால் பதினைந்து ரூபாய்க்கு ஒரு ஜோடி இயர் பிளக் வாங்க வேண்டும். என் ஹெல்மெட்டில் இப்போது ஓடுகிற ஏற்பாடு இது: காதுக்குள் ஃபோம் பிளக், அதற்கு வெளியே ஹெல்மெட் ஸ்பீக்கர், தாடைக்கடியில் காற்றை மறிக்க ஒரு துணி, போனில் தாழ்ந்த, உயர்ந்த சுருதிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்குகிற ஈக்வலைசர். நான்கில் எதை எடுத்தாலும் கெடுகிறது. இங்கே வந்து சேர்ந்த சுற்றுவழியை அளவுகளோடும் விலைகளோடும் எழுதிவைக்கிறேன்.

வேலை மதுரையில், வீடு நாகர்கோவிலில். வண்டி 350 சிசி. 80-இல் நிம்மதியாகப் போகும். 95-ஐத் தாண்டினால் கைப்பிடி உதறும். விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு, நெல்லை, நாங்குநேரி, வள்ளியூர் என்று காவல்கிணறு வரைக்கும் என்.எச். 44 நான்குவழிச் சாலை. அப்புறம் ஆரல்வாய்மொழிக் கணவாய். ஏறக்குறைய 240 கிலோமீட்டர். டீ, சாப்பாடு என்று நின்று போனால் நாலரை மணி நேரம். அவ்வளவு நேரமும் பாட்டில்லாமல் ஓட்ட என்னால் ஆகாது. அதனால் 3,200 ரூபாய்க்கு, போனில் ஓடுகிற பாட்டை ஹெல்மெட்டுக்குள் கேட்க வைக்கிற ஒரு ப்ளூடூத் இண்டர்காம் மாட்டியிருந்தேன், 40 மி.மீ. ஸ்பீக்கர் இரண்டோடு. சாலையில் போகப்போக ஒலியை ஏற்றிக்கொண்டே போவேன்.

வீட்டுக்குப் போய் டிவியைப் போட்டால், "எதுக்குலே இவ்ளோ சத்தமா வைக்கே?" என்று அம்மா அடுக்களையிலிருந்து கேட்பாள். எனக்கு அது சாதாரணச் சத்தம். படுத்த பிறகு காதுக்குள் மெல்லிசாக ஒரு விசில் ஓடும், காலையில் போயிருக்கும். வேறொரு விஷயமாகக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனபோது கேள்திறனை அளந்து கோடாக வரைகிற ஆடியோகிராமும் எடுத்தார்கள், 600 ரூபாய். கோடு ஒழுங்காக ஓடிவந்து, இடது காதில் 4000 ஹெர்ட்ஸில் மட்டும் ஒரு பள்ளம் விழுந்து, 8000-இல் மறுபடி ஏறியிருந்தது. "மில்லுல வேலையா தம்பி?" என்று கேட்டார். இரைச்சல் தின்ற காதில் வழக்கமாக விழுகிற பள்ளம் அது. உள்காதின் மயிர்ச் செல்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை என்றும், இப்போதைக்குப் பள்ளம் சின்னதுதான் என்றும் சொன்னார். பைக் என்றதும், "சைலன்சர மாத்திட்டீங்களா?" என்று அடுத்த கேள்வி. மாற்றவில்லை. ஆனாலும் இன்ஜின் சத்தம்தான் காரணமாக இருக்கும் என்று எனக்கும் அப்போது தோன்றியது.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன் அளந்துவிடலாம் என்று இறங்கினேன்.

வீடியோ எடுக்கிறவர்கள் சட்டையில் குத்திக்கொள்கிற காலர் மைக் ஒன்று, 550 ரூபாய். அதன் ஸ்பாஞ்சுத் தொப்பியோடு, ஹெல்மெட்டின் காதுக் குழியில் மடலுக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டினேன். வயர் கன்னப் பேடுக்கு அடியில் ஓடி, ஜாக்கெட் பையில் இருக்கும் போனுக்குப் போகிறது. முதல் பதிவை வீட்டில் போட்டுப் பார்த்தால் 40-லும் 80-லும் அலை ஒரே உயரத்தில் நிற்கிறது. போனோடு வந்த ரெக்கார்டர் ஆட்டோ கெயினில் ஓடியிருக்கிறது: சத்தம் கூடினால் அதுவே குறைத்துக்கொள்ளும், குறைந்தால் ஏற்றிக்கொள்ளும். பேச்சைப் பதிய நல்லது, அளக்க உதவாது. ஆட்டோ கெயினை அணைக்க விடுகிற ரெக்கார்டர் ஆப் ஒன்றைத் தேடிப் போட்ட பிறகுதான் எண்களில் வித்தியாசம் தெரிந்தது.

எண்ணை டெசிபலாக மாற்ற ஒரு சவுண்ட் மீட்டர் வேண்டும். யூனி-டி யுடி353 வாங்கினேன், சுமார் 2,000 ரூபாய். 30 முதல் 130 டெசிபல் வரை காட்டும். வீட்டு ஸ்பீக்கரில் பிங்க் நாய்ஸை (சோதனைக்கென்று உள்ள சீரான இரைச்சல்) ஓடவிட்டு, மீட்டரையும் காலர் மைக்கையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, மீட்டர் 85 காட்டும்போது பதிவில் என்ன அளவு விழுகிறது என்று குறித்துக்கொண்டேன். மிச்சத்தைத் தம்பி பைத்தானில் எழுதிக் கொடுத்தான். காதின் உணர்திறனுக்கு ஏற்றபடி தாழ்ந்த அலைவரிசைகளைக் குறைத்துக் கணக்கிடுகிற ஏ-வெயிட்டிங்கும் அதில் சேர்த்தி. ஆய்வகத் துல்லியம் இதில் வராது. மூன்று டெசிபல் முன்னே பின்னே இருக்கும் என்று வைத்துக்கொண்டால் எனக்குப் போதும்.

பாட்டில்லாமல், முழுமுக ஹெல்மெட்டில், வைசரை, அதாவது முகத்துக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியை மூடி: 40 கி.மீ. வேகத்தில் 78, 60-இல் 87, 80-இல் 94, 95-இல் 98. வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்டு, 80-இல் ஓடும்போது இருக்கிற அதே ஆர்.பி.எம்-முக்கு முறுக்கினால் 79தான். ஓடும்போதே ஆள் இல்லாத இடத்தில் கிளட்சைப் பிடித்து ஆக்ஸிலேட்டரை விட்டுப் பார்த்தேன், 94 அசையவில்லை. சைலன்சர் மேல் இருந்த சந்தேகம் அதோடு தீர்ந்தது. காதைத் தின்றது காற்று. தாடைக்குக் கீழும் கழுத்தைச் சுற்றியும் சுழித்துக்கொண்டு உள்ளே ஏறுகிற காற்று. பதிவின் அலைவரிசைப் படத்தைப் பார்த்தால் பெரும்பகுதி 500 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே குவிந்து கிடக்கிறது.

அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயாஷ் பரிந்துரைக்கிற கணக்குப்படி 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்குமேல் 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். 88-இல் நான்கு மணி, 91-இல் இரண்டு, 94-இல் ஒன்று. மதுரையை விட்டு 80-இல் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் சாத்தூர் வரும். அதாவது பாட்டே போடாமல் போனாலும் என் காதின் அன்றைய பங்கு சாத்தூரில் முடிந்துவிடுகிறது. நானோ அந்த 94-க்கு மேலே கேட்க வேண்டும் என்று பாட்டை 98, 99 வரைக்கும் ஏற்றி வைத்திருந்தேன். காற்றும் பாட்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 100. அதற்கு அனுமதி கால் மணி நேரம். திருமங்கலம் தாண்டுவதற்குள் முடிந்துவிடும்.

கையில் ஏற்கெனவே இருந்ததை முதலில் முயன்றேன்: இரைச்சலை அடக்குவதாகச் சொல்கிற வயர்லெஸ் இயர்பட்ஸ். ரயிலில் அபாரமாக வேலை செய்கிற சாமான் இது. ஹெல்மெட்டுக்குள் 60 தாண்டியதும் அதன் வெளி மைக்குகளில் காற்று நேராக அடித்து, அடக்க வேண்டியது தானே "டுப் டுப்" என்று குதிக்க ஆரம்பித்தது. அதுகூடப் பரவாயில்லை. ஹெல்மெட்டை இழுத்து மாட்டும்போது கன்னப் பேடு பட்ஸின் காம்பை முறுக்கிவிடும். முக்கால் மணி நேரத்தில் மடலின் உட்குருத்தில் வலி தொடங்கும். கழற்றும்போது ஒன்று தெறித்து ஓடும். கப்பலூர் டோல் பக்கத்தில் குனிந்து தேடிய அனுபவம் உண்டு. ஃபோம் முனை போட்ட வயர் இயர்போனையும் பார்த்தேன். ஒலி என்று பார்த்தால் இதுவரை கேட்டதில் இதுதான் சிறந்தது. ஃபோம் காதை அடைப்பதால் ஒலியும் குறைவாக வைத்தால் போதும். ஆனால் ஒவ்வொரு டீக்கடையிலும் வயரோடு மல்லுக்கட்ட வேண்டும். தவிர, காதில் இயர்போன் வயர் தொங்குகிறவரைப் போலீஸ் ஓரங்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். விட்டுவிட்டேன்.

அடுத்து காற்றையே மறிக்கலாம் என்று வண்டிக்கு முன்னால் ஒரு விண்ட்ஷீல்டு வாங்கிப் பூட்டினேன், 1,800 ரூபாய். நெஞ்சில் காற்று நின்றது. காதில் 94 இருந்தது 96 ஆகிவிட்டது. கூடவே தலையை யாரோ தட்டுகிற மாதிரி அதிர்வு. காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஓடும்போது ஃபுட்ரெஸ்டில் ஊன்றி ஒரு ஜாண் எழும்பிப் பாருங்கள். எழும்பியதும் எனக்குச் சத்தம் சட்டென்று மாறி, சீரான 'உஸ்ஸ்' மட்டும் மிஞ்சியது. உட்கார்ந்ததும் மறுபடி 'திம் திம்'. கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டிக் கலைந்து வருகிற காற்று சரியாக என் தாடை உயரத்தில் வந்து மோதுகிறது. கலையாத காற்று வேகமாக அடித்தாலும் அதைவிட அமைதி. என்னைவிட அரையடி குட்டையான நண்பனுக்கு அந்தக் காற்று ஹெல்மெட்டுக்கு மேலே போய்விடுகிறது. அவனிடமே ஆயிரத்துக்குக் கொடுத்துவிட்டேன். கண்ணாடி வாங்க நினைப்பவர்கள் தங்கள் உயரத்தில் இருக்கிற ஒருவரின் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

காற்று நுழைகிற வாசல் தாடைக்கடி. சின் கர்ட்டன் என்று கடையில் 350 ரூபாய்க்குக் கிடைக்கிறது, என் ஹெல்மெட் மாடலுக்கு இல்லை. வீட்டில் பழைய லேப்டாப் உறை கிடந்தது, நியோப்ரீன் துணி. செய்தித்தாளில் மாதிரி வெட்டி, ஹெல்மெட்டின் தாடைப் பட்டையில் வைத்துத் திருத்தி, 24 செ.மீ. அகலமும் நடுவில் 9 செ.மீ. ஆழமுமாகப் பிறை வடிவில் வெட்டினேன். மேல் விளிம்பு தாடைப் பட்டையின் உள்ளே செருகிக்கொள்ளும். இரண்டு ஓரத்திலும் வெல்க்ரோ. தையற்கடையில் ஓரம் அடிக்க 40 ரூபாய். இதைப் போட்டதும் 80-இல் 94 இருந்தது 91, 92-க்கு இறங்கியது. எண்ணைப் பார்த்தால் அற்பம். காதுக்கு நேரம் ஏறக்குறைய இரட்டிப்பு. கழுத்தைச் சுற்றித் துணி கட்டியதில் ஒரு டெசிபல் குறைந்த மாதிரி இருந்தது, அது என் அளவுப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். தடுப்புத் துணியின் குறை என்னவென்றால் மூச்சு வெளியே போவதில்லை. விடியற்காலையில் வைசர் பனிக்கும்; சிக்னலில் நின்றால் ஒரு கிளிக் திறந்துவிட வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் முகம் வெந்துவிடுகிறது, அந்த இரண்டு மாதமும் கழற்றி வைத்துவிடுவேன்.

இனி இயர் பிளக். இதற்கு வர ஏன் இவ்வளவு நாள் ஆயிற்று என்றால், காதை அடைத்துக்கொண்டு எப்படிப் பாட்டுக் கேட்பது என்கிற நியாயமான சந்தேகம்தான். ஸ்பீக்கரும் வெளியே, காற்றும் வெளியே, பிளக் இரண்டையும் குறைக்கும், அப்புறம் என்ன லாபம்? லாபம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து குறைகின்றன. ஆனால் அவற்றுக்கு இடையே உள்ள வித்தியாசம் அப்படியே நிற்கிறது. பாட்டு காற்றைவிட ஐந்து டெசிபல் மேலே இருந்தால் பிளக்குக்கு உள்ளேயும் ஏறக்குறைய அதே ஐந்துதான். காது மட்டும் 99-க்குப் பதிலாக 77-ஐ வாங்கிக்கொள்கிறது. அதோடு, மிகப் பெரிய சத்தத்தில் காது தானே திணறிப்போய்ச் சொற்களைக் குழப்பும். சத்தம் இறங்கியதும் பாடல் வரி தெளிந்துவிடுகிறது. முதல் தடவை இதை உணர்ந்தபோது ஏதோ ஸ்பீக்கரே மாறிவிட்டதோ என்று இருந்தது.

மருந்துக்கடைப் பஞ்சு எதற்கும் உதவாது. நீச்சல்காரர்களின் சிலிக்கான் மெழுகு அடைப்பு ஹெல்மெட் மாட்டும்போதே நழுவுகிறது. மூன்றடுக்குக் குடை மாதிரி சிலிக்கான் பிளக்கின் காம்பு கன்னப் பேடில் இடித்தது. தேறியது ஆரஞ்சு நிற 3எம் 1100 ஃபோம் பிளக். அதன் மேல் எழுதியிருக்கும் என்.ஆர்.ஆர்., அதாவது எத்தனை டெசிபல் இரைச்சலைக் குறைக்கும் என்கிற அளவு, 29. அது ஆய்வக எண். நடைமுறைக்கு அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அதில் 7 கழித்துப் பாதியாக்குவார்கள், 11 வரும். அந்த 11 மட்டும் கிடைத்தாலும் என் 92 டெசிபல் 81-க்கு இறங்கிவிடும். ஒழுங்காகப் போட்டால் அதைவிட நிறைய இறங்கும்.

ஒழுங்காகப் போடுவது என்பதற்கு இங்கே கொஞ்சம் நிற்கிறேன், விஷயம் முழுக்க இதில்தான் இருக்கிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில் வைத்து மெதுவாக, மடிப்பு விழாமல் உருட்ட வேண்டும், ஊதுவத்திக் குச்சியின் பருமனுக்கு வரும்வரை. மடிப்பு விழுந்தால் அந்தக் கோட்டில் காற்றுக்கு வழி. எதிர்க் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் வளைந்திருக்கும் துளை நேராகும். உடனே உள்ளே செருகி, விரல் நுனியால் அழுத்தி முப்பது நொடி பிடிக்க வேண்டும். ஃபோம் விரிய விரிய, தெருச் சத்தம் படிப்படியாகத் தூரப் போவது கேட்கும். முடிந்ததும் இரண்டு உள்ளங்கைகளாலும் காதைப் பொத்திப் பொத்தி எடுத்துப் பாருங்கள். சத்தத்தில் பெரிய மாற்றம் தெரியாவிட்டால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. மாற்றம் தெரிந்தால் எடுத்துத் திரும்பப் போட வேண்டும்.

பிளக்குக்கு உள்ளே மைக் வைக்க முடியாது. அதனால் ஒரு குறுக்குவழி: ராத்திரி மின்விசிறியை அணைத்துவிட்டு, காதை முழுக்க மூடுகிற பெரிய ஹெட்போனைப் போட்டு, போனில் கேள்திறன் சோதனை ஆப்பை ஓட்டினேன், முதலில் பிளக் இல்லாமல், பிறகு பிளக்கோடு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் என் காதில் அந்த பிளக் குறைக்கிற அளவு. 500 ஹெர்ட்ஸில் வலது காதில் 27, இடதில் 14! பள்ளம் விழுந்திருந்ததும் அதே இடது காதுதான், பிளக் போடுவதற்கு முன்னால் விழுந்தது என்றாலும். எனக்கு இடது கை பழக்கம் இல்லை. அந்தக் கையால் உருட்டியது தளர்வாக இருந்திருக்கிறது. இப்போது இடது காதுக்கும் வலது கையாலேயே உருட்டி, முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து வலது கையாலேயே செருகி, இடது கையால் மடலைப் பின்னால் இழுக்கிறேன். 24 ஆகிவிட்டது. பிளக் தளர்ந்தால் முதலில் ஒழுகுவது தாழ்ந்த அலைவரிசை, காற்று இரைச்சலும் அங்கேதான். அதனால் இந்தச் சோதனையைப் பிளக் போடுகிற எல்லோரும் ஒரு தடவை செய்துவிடலாம், செலவில்லை.

பிளக் சரியாக உட்கார்ந்ததும் அடுத்த தொல்லை: இண்டர்காமை முழுக்க ஏற்றினாலும் 80-இல் பாட்டு மங்கலாகத்தான் கேட்டது. ஹெல்மெட் கடையில் கேட்டால் பெரிய ஸ்பீக்கர் போடலாம் என்றார்கள். "தெர்மாகோல கொஞ்சம் குடைஞ்சு விட்டுரட்டாண்ணே? உள்ள போயிரும்" என்றான் பையன். "வேண்டாம்ப்பா, அத மட்டும் தொடாத" என்று ஹெல்மெட்டைக் கையில் வாங்கிக்கொண்டேன். விழும்போது தலையைக் காப்பது அந்தத் தெர்மாகோல்தான். அதில் குழி தோண்டினால் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு அர்த்தமில்லை.

ஸ்பீக்கர் சின்னதாக இருந்தது காரணமில்லை, இருந்த இடம்தான் காரணம். காதுத் துளைக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்க ஹெல்மெட்டுக்குள் எட்டிப் பார்க்க முடியாதே. காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சின்னக் குருத்தில் எண்ணெயில் குழைத்த குங்குமத்தைத் தொட்டு வைத்து, உள் துணியின் காதுப் பகுதியில் வெள்ளைக் காகிதம் ஒட்டி, ஹெல்மெட்டை மாட்டி, மடல்களை அழுத்திவிட்டுக் கழற்றினேன். இழுத்த இழுப்பில் கோடாக விழுந்தது. கோட்டின் முடிவில் அழுத்தமான பொட்டு. ஸ்பீக்கரின் மையம் அந்தப் பொட்டுக்கு 2 செ.மீ. பின்னாலும் 1 செ.மீ. கீழேயும் இருந்தது. வெல்க்ரோவைப் பிய்த்து நேர்ப்படுத்தினேன். யோகா பாயில் 40 மி.மீ. வட்டமாக வெட்டிய துண்டு ஒன்றை முதுகில் வைத்து 5 மி.மீ. முன்னால் தள்ளினேன். இரண்டு துண்டு வைத்தால் இன்னும் கேட்கும், ஆனால் மடலில் உரசி அரை மணி நேரத்தில் காது சுடுகிறது. காலர் மைக்கை வைத்து அளந்தால் அதே ஒலிப் படியில் 6 டெசிபல் கூடியிருந்தது. பதினைந்து படி உள்ள இண்டர்காமில் இப்போது பத்து போதும்.

பிளக் உயர்ந்த சுருதிகளைக் கூடுதலாக விழுங்கும். அதனால் எல்லாப் பாட்டும் கம்பளிக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருக்கும். போனின் ஐந்து பட்டை ஈக்வலைசரில் 60, 230 இரண்டையும் 6 டெசிபல் இறக்கினேன், 910-ஐத் தொடவில்லை, 3600-ஐ 5-ம் 14,000-ஐ 3-ம் ஏற்றினேன். பேஸை இறக்கும்போது கை நடுங்கியது உண்மை. ஆனால் 80-இல் காற்று அந்த இடத்தை முழுக்கப் பிடித்து வைத்திருப்பதால் பேஸைக் கேட்கப் போவதே இல்லை. காதும் பேட்டரியும் வீண். இதில் ஒரு சுவாரசியம், கச்சேரிப் பதிவுகளைப் போட்டுப் பார்த்ததில் தெரிந்தது. நாதஸ்வரம் எந்தக் காற்றையும் கிழித்துக்கொண்டு வருகிறது. மிருதங்கத்தில் வலப்பக்கத்து வலந்தலை கேட்கும், இடப்பக்கத்துத் தொப்பி காணாமல் போகும். வீணையைச் சாலையில் மறந்துவிட வேண்டியதுதான். பட்டிமன்றமும் கதைப் பேச்சும் பிளக்கோடு பிரமாதம்.

ஒலியளவை ஓடும்போது முடிவு செய்யக் கூடாது. அப்போது கை தானாக மேலேதான் போகும். இண்டர்காமில் வேகத்துக்கு ஏற்பத் தானே ஏற்றுகிற வசதியை முதல் வேலையாக அணைத்தேன். போனின் ஒலியை 80 சதவீதத்தில் நிறுத்தி, மாற்றுவதை இண்டர்காமில் மட்டும் வைத்துக்கொண்டேன். சோதனை இதுதான்: பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே எதையும் தொடாமல் ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துக் கேளுங்கள், பிளக்கோடு. பாட்டு கத்துவதாகப் பட்டால் படி அதிகம். பழைய ஏற்பாட்டில் இப்படி நிறுத்தினால் பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். பத்தாம் படியில் பிளக்கோடு நின்று கேட்டால், உட்கார்ந்து பேசிக்கொண்டே கேட்கிற அளவில் இருக்கிறது. என் கணக்கில் காற்றும் பாட்டும் சேர்ந்து காதுக்குள் 75-க்கும் 80-க்கும் நடுவில். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் வகுத்த வரம்புக்குள் வந்துவிடுகிறது. வண்டி 90 கி.மீ. வேகத்துக்கு மேல் போனால் பாட்டு காற்றில் மூழ்கும். அப்போது படியை ஏற்றுவதில்லை, வேகத்தைக் குறைக்கிறேன், அல்லது பாட்டை விட்டுவிடுகிறேன்.

ஹார்ன் கேட்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். லாரியின் ஏர் ஹார்னும் பின்னால் வரும் காரின் ஹார்னும் காற்றைவிட உயர்ந்த சுருதி. பாட்டு இல்லாமல் பிளக்கோடு போனால் எனக்குத் தெளிவாகவே கேட்கிறது. மறைப்பது பாட்டுத்தான். ஆகையால் ஊருக்குள் பாட்டு இல்லை. தோவாளை வந்ததும் நிறுத்திவிடுவேன். அதற்கு முன் ஆரல்வாய்மொழியிலும் நிறுத்துவதுண்டு, ஆனி ஆடியில். கணவாய்க் காற்று பக்கவாட்டில் அறைகிற அறைக்கு வண்டியைக் கோட்டில் வைப்பதே வேலை; காற்றாலைகள் சும்மாவா அங்கே வரிசை கட்டி நிற்கின்றன.

பிளக்கில் சுத்தம் முக்கியம். செயினுக்கு எண்ணெய் போட்ட கையால் உருட்டினால் அந்த எண்ணெய் காதுக்குள் போகும். குளித்த ஈரக் காதில் போட்டு ஐப்பசியில் எனக்குக் காதில் பூஞ்சை பிடித்து, சொட்டு மருந்தோடு இரண்டு வாரம் பிளக்கும் கிடையாது பாட்டும் கிடையாது என்று ஆயிற்று. இப்போது காது காய்ந்த பிறகுதான். ஃபோமைக் கழுவினால் விரிகிற குணம் போய்விடும். அழுக்கானால் தூக்கிப் போட்டுவிடுகிறேன். கழற்றும்போது வெடுக்கென்று இழுக்கக் கூடாது, மெல்லத் திருகி எடுத்தால் காது 'டப்' என்று வலிக்காது.

தொடர்ந்து பயன்படுகிற செலவு என்று பார்த்தால் பத்து ஜோடி பிளக் 150, ஓரம் அடித்தது 40, வெல்க்ரோ 60. யோகா பாயும் லேப்டாப் உறையும் வீட்டிலேயே கிடந்தவை. மைக், மீட்டருக்கான 2,550 அளக்கும் ஆசைக்குக் கொடுத்தது. அளக்காமலேயே இதையெல்லாம் செய்துகொள்ளலாம். விண்ட்ஷீல்டில் 800 நஷ்டம். மறுபடி தொடங்குவதாக இருந்தால் பிளக்கும் கேள்திறன் சோதனையும் முதல் நாளே, அதன் பிறகுதான் இண்டர்காம். அதுவும் ஸ்பீக்கர் வயர் நீளமாக இருப்பதாகப் பார்த்து வாங்குவேன். என்னுடையது இடமாற்றியதில் இழுவையாக நின்று ஒருமுறை சாலிடர் விட்டுவிட்டது. காது அச்செடுத்துச் செய்கிற பிளக்குக்கு மதுரையில் ஒரு காது கேட்கும் கருவிக் கடையில் 3,000 சொன்னார்கள். ஃபோம் ஒத்துப்போகிற வரைக்கும் அதற்கு அவசரமில்லை.

மிச்சம் இருக்கிற ஓட்டை மூக்குக் கண்ணாடி. கம்பி போகிற இடத்தில் கன்னப் பேடு தூக்கிக்கொண்டு நிற்கிறது. கண்ணாடி இல்லாமல் அளந்தால் 80-இல் இன்னும் ஒன்றரை டெசிபல் குறைகிறது. தட்டையான, வளைவில்லாத கம்பி வைத்த பிரேம் கேட்டிருக்கிறேன், 1,400 ரூபாய். வந்ததும் அளந்து பார்க்க வேண்டும்.